கதாநாயகனுக்குப் பணிச் சான்றிதழ்

கதாநாயகன் தாராளமாகக் காதலிக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் எட்டு மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று மணிலாவில் ஆணை பிறந்தபோது, எர்லிந்தா தன்னுடைய அறுபத்திரண்டாவது நாவலின் கடைசி முத்தத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆணை பிறந்த கதை சிறியது. ஒரு பெரிய அதிகாரியின் மகள் வண்டி வண்டியாகக் காதல் நாவல் படித்துவிட்டு ஒரு கட்டடக் கலைஞனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் உண்மையிலேயே கட்டடக் கலைஞன்தான், மோசடி ஒன்றும் இல்லை. ஆனால் அவன் வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமையும் போனான். அவள் படித்த கட்டடக் கலைஞர்களெல்லாம் கடற்கரையில் நின்று தூரத்தைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் செங்கல்லைப் பார்த்ததில்லை. மூன்றே மாதத்தில் பெண் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மகளைச் சமாதானப்படுத்துவதைவிட நாட்டிலுள்ள நாவல்களைத் திருத்துவது சுலபம் என்று அப்பாவுக்குப் பட்டது. காதல் இலக்கியத் தொழில் மெய்ம்மை ஆணையம் அப்படித்தான் உருவாயிற்று. இனி எந்தக் காதல் நாவலும், அதன் நாயகன் பார்ப்பது நிஜமான வேலைதான் என்று அந்த ஆணையம் சான்றிதழ் தந்த பிறகே அச்சுக்குப் போக முடியும்.

எர்லிந்தா தன் பழைய நாயகர்களை எண்ணிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக மிராசோல் வேலா என்ற புனைபெயரில் அவள் எழுதியதெல்லாம் பேருந்தில் ஏறி இறங்குவதற்குள் படித்து முடிக்கிற பாக்கெட் நாவல்கள். அவற்றில் பத்தொன்பது டாக்டர்கள் வந்திருக்கிறார்கள், ஒருவர்கூட ஒரு காயத்துக்குக் கட்டுப் போட்டதில்லை. பதினோரு விமானிகள் வந்திருக்கிறார்கள், ஒருவரும் விமானத்தில் ஏறியதில்லை. எல்லாரும் இறங்கி, குளிர்கண்ணாடியைக் கழற்றி, நாயகியைப் பார்ப்பதோடு சரி.

இத்தனை பேரை ஜோடி சேர்த்தவளுக்கு வாய்த்த புருஷன் தியோபிலோ. செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் லாரியில் வேலை. ஓட்டுவதும் அவன்தான், குழாயைப் பிடித்து இறக்குவதும் அவன்தான். நல்ல மனிதன், குடிக்கமாட்டான், அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. வேலை முடிந்து வந்ததும் தலையிலிருந்து கால்வரை எலுமிச்சைத் தோலால் தேய்த்து இரண்டு முறை குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பான். ஆனாலும் அவளுக்கு வெட்கம். அந்த ஊரில் பட்டம் வாங்கியவரைப் பட்டம் சேர்க்காமல் கூப்பிடுவது அவருடைய சட்டையைக் கழற்றிவிட்டுக் கூப்பிடுவது மாதிரி. வக்கீலாக இருந்தால் அட்டர்னி இன்னார், பொறியாளராக இருந்தால் என்ஜினியர் இன்னார். பரீட்சையில் தேறிவிட்டால் தெருமுனையில் படம் போட்டுப் பேனர் கட்டிவிடுவார்கள். எழுத்தாளர் கூட்டத்தில் முதல்முதலாக யாரோ, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டபோது அவள் நாக்கு அவளைக் கேட்காமலே, "என்ஜினியர். தெற்கே மிண்டனாவ் பக்கம், ஒரு அணைக்கட்டுல" என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அந்த அணைக்கட்டு முடியவில்லை. அவனும் ஒரு விருந்துக்கும் வரவில்லை.

தியோவுக்கு இது தெரியும். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இன்னும் எத்தனை வருஷம்தான் அந்த அணையக் கட்டுவேன்? எனக்கும் வயசாகுதில்ல?" என்று கேட்டான். அவளும் சிரித்தாள். அன்று முழுக்க அவனுடைய முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஆணையம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்வதில்லை. உழைப்பின் அருமை தெரியட்டும் என்று வேண்டுமென்றே அதைப் பழுது பார்க்காமல் வைத்திருப்பதாக வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். எர்லிந்தா மூச்சு வாங்க ஏறிப்போய்க் கையெழுத்துப் பிரதியை நீட்டினாள். முன் மேசையில் மிலாக்ரோஸ் என்ற குமாஸ்தா வாழைப்பழச் சுருள் தின்றுகொண்டிருந்தாள்.

"நாயகன் பேரு?"

"ராஃபேல். கட்டடக் கலைஞர்."

"அவரோட போலீஸ் நற்சான்று, நெஞ்சு எக்ஸ்ரே, வட்டார அலுவலகச் சான்று, ரெண்டுக்கு ரெண்டு போட்டோ, வெள்ளைப் பின்னணி."

"அம்மா, அவர் கதையில வர்றவரு. கற்பனை."

மிலாக்ரோஸ் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிவிட்டு ஒரு தாளைப் புரட்டினாள். "நிஜ ஆளுன்னா மூணு பிரதி. கற்பனைன்னா நாலு பிரதி."

"என் பேரை மட்டும் புனைபெயராவே எழுதிக்கிட்டீங்களே?"

"எழுத்தாளர் யாரா இருந்தா என்னக்கா? நாயகன் அசலா இருக்கணும், அதான் ரூல்."

போலீஸ் நற்சான்றுக்கும் எக்ஸ்ரேவுக்கும் ஒரு வழியாக விலக்கு வாங்கினாள். போட்டோவுக்கு விலக்கில்லை. கைப்பையைத் துழாவினாள். தியோ லாரி உரிமம் புதுப்பிக்க எடுத்த போட்டோவில் நாலு மிச்சமிருந்தது. வெள்ளைப் பின்னணி, ரெண்டுக்கு ரெண்டு, நாலு பிரதி. ஆறடி உயரமும் கூர்மூக்கும் கடல்நீலச் சட்டையும் கொண்ட ராஃபேலுக்குத் தன் புருஷனின் உருண்டை முகத்தை ஒட்டிவிட்டு வந்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் பிரதி திரும்பி வந்தது. பரிசோதகர் என்ஜினியர் பாசியா ஓரமெல்லாம் சிவப்பு மையால் எழுதியிருந்தார். 'பக்கம் 40: முத்தம். புதன்கிழமை, மதியம் மூன்று மணி. விடுப்பு விண்ணப்பம் எங்கே?' 'பக்கம் 57: நர்ஸாகிய நாயகி ஊசி போடும்போது ஜன்னல் வழியாக நாயகனைப் பார்க்கிறாள். நோயாளியின் நிலை என்ன?' 'பக்கம் 88: மழையில் இருவரும் நனைகிறார்கள். கட்டட வரைபடங்களும் நனைந்தனவா? ஆம் எனில் பொறுப்பு யாருடையது?' கடைசிப் பக்கத்தில் பொதுக்குறிப்பு: 'நாயகன் நூற்றிருபத்தெட்டுப் பக்கத்தில் மொத்தம் பதினோரு நிமிடம் வேலை பார்த்திருக்கிறான். குறைந்தது நாற்பது பக்கம் பார்க்க வேண்டும்.'

அவள் திருத்தினாள். முத்தத்தைச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றினாள். வரைபடங்களுக்கு உறை போட்டாள். மூன்றாம் திருத்தத்தில் கதை இப்படி ஆகியிருந்தது: 'ராஃபேல் அவளுடைய கண்களைப் பார்த்தான். பிறகு வடிகாலின் சரிவைப் பார்த்தான். சரிவு சரியாக இருந்தது.' என்ஜினியர் பாசியா அதற்குப் பக்கத்தில் 'இங்கேதான் காதல் தெரிகிறது' என்று எழுதியிருந்தார்.

ஆனாலும் வேலை பார்க்கும் பக்கம் நாற்பது தேறவில்லை. பதிப்பகத்தில் அவளுடைய பிரதிகளைப் பார்க்கும் கான்ச்சிங் போனில் கத்தினாள்.

"மிராசோல், இந்த மாசக் கடைசிக்குள்ள சான்றிதழ் வரலைன்னா உன் இடத்துல வேற பொண்ணைப் போடச் சொல்லிட்டாங்க. அப்புறம் மறுபடியும் உன்னைச் சேர்க்க என்னால முடியாது, பார்த்துக்கோ. ஏன், உங்க என்ஜினியரையே கேக்க வேண்டியதுதானே? அணையும் ஒரு கட்டடம்தானே?"

அவளுக்குக் கட்டடக் கலையில் ஒரு கோடுகூடத் தெரியாது. தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதுவும் காதில் விழுந்து விழுந்து தெரிந்தது. சாப்பிடும்போது தியோ சொல்ல ஆரம்பிப்பான், "சோத்துல கை வைக்கும்போது வேண்டாம் தியோ" என்று அவள் முகத்தைச் சுளிப்பாள். இருபத்திரண்டு வருஷம் சுளித்தும் எல்லாம் உள்ளே தங்கியிருந்தது. மூன்று பக்கம் எழுதினாள். ராஃபேல் இடிக்கப்போகிற பழைய வீட்டில் செப்டிக் டேங்கைக் காலி செய்ய ஓர் ஆள் வருகிறான். மூடியைத் திறந்துவிட்டுக் காற்று முதுகில் படும்படி அரை மணி தள்ளி நிற்கிறான். அவசரப்பட்டுக் குனிந்தவர்கள் எழுந்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். மேலே ஆடையாய் இறுகியதைத் தண்ணீர் விட்டு உடைக்கிறான். குழாய் அடி தட்டிவிட்டதை மோட்டாரின் சத்தத்தை வைத்தே சொல்கிறான். வீட்டுக்காரர்கள் ஜன்னலை மூடிக்கொள்கிறார்கள், பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் வைத்துவிட்டு, கோப்பையை அங்கேயே போட்டுவிடச் சொல்கிறார்கள். நாயகியின் அம்மா தொலைத்த கல்யாண மோதிரம் உள்ளே கிடைக்கிறது. அவன் அதைச் சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவி, கையில் கொடுக்காமல் மதில்மேல் வைத்துவிட்டு நகர்ந்து நிற்கிறான். தன் கையிலிருந்து வாங்க யாருக்கும் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். அந்த ஆளுக்கு அவள் பெயர் வைக்கவில்லை.

ஆணையத்திலிருந்து கடிதம் பறந்து வந்தது. மூன்று பக்கமும் தேறிவிட்டன, அவற்றுக்காக மீதிப் பக்கக் குறையும் தள்ளுபடி. ஆணையத்தின் வரலாற்றிலேயே சிவப்பு மை படாத பக்கங்கள் அவைதான். இவ்வளவு மெய்யாக எழுதியது எப்படி என்பதை மற்ற எழுத்தாளர்களும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஆகவே தகவல் தந்த 'ஆதாரத் தொழிலாளி'யைப் பொது விசாரணைக்கு நேரில் அழைத்துவர வேண்டும். வந்தால் சான்றிதழ் அன்றே கையில் கிடைக்கும்.

அவள் கடிதத்தைத் தியோவிடம் படித்துக்காட்டினாள். ஆதாரத் தொழிலாளி என்ற இடத்தில் அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"என்னையவா கூப்பிட்டிருக்காங்க? நான் சொன்னதையா எழுதின?"

"ஆமா. ஆனா தியோ... அங்க கான்ச்சிங்கெல்லாம் வருவாங்க. எல்லாருக்கும் நீ அணைக்கட்டுல..."

அவன் கடிதத்தை வாங்கி மடித்து அவள் கையில் கொடுத்தான். "சரி விடு. நம்ம டேங்க் கழுவ வந்த ஆளுன்னு சொல்லிடு. பொய் இல்லையே, போன வருஷம் நான்தானே கழுவினேன்."

யோசனை அவளுடையது இல்லை, அவனே சொன்னான் என்று விசாரணை நாள்வரை அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

விசாரணை பத்து மணிக்கு. ஆணையத் தலைவர் அட்டர்னி இலகன் பதினொன்றே காலுக்கு வந்தார். அவருடைய பையை ஒரு காவலாளி தூக்கிவந்தான், குடையை இன்னொருவன். வந்த களைப்புத் தீர முதலில் எல்லாருக்கும் பான்சித் நூடுல்ஸ் பரிமாறப்பட்டது. எழுத்தாளர்கள் பதினான்கு பேர் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கான்ச்சிங். தியோ கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில், யாருக்கும் பக்கத்தில் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அட்டர்னி இலகன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உழைப்புன்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷமா நான் உழைக்கிறவங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். இந்த ஜன்னல் வழியா! வெயில்ல, மழையில, நான் ஒருநாளும் பார்வையைத் திருப்பினதில்லை. இந்த மூணு பக்கத்தைப் படிச்சு நான் அழுதேன். கோப்பையத் தூக்கிப் போடச் சொல்றாங்களே, அந்த இடம்! என்ன ஜனங்க இவங்க! என் டிரைவரைக் கூப்பிட்டு நானே படிச்சுக் காட்டினேன். அவன் கார்லயே காத்துக்கிட்டு இருந்தான், ராத்திரி சாப்பாடுகூட ஆகலையாம், ஆனாலும் முழுக்க நின்னு கேட்டான்."

கைதட்டினார்கள். பிறகு ஆதாரத் தொழிலாளி முன்னால் வரும்படி அழைக்கப்பட்டான். தியோ வந்து நின்றதும் அட்டர்னி இலகன் நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டார். என்ஜினியர் பாசியா எழுந்து, "புழுக்கமா இருக்கு" என்று ஜன்னலைத் திறந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், இவர் யாரு?" என்று கேட்டார் தலைவர்.

எர்லிந்தா எழுந்தாள். "எங்க வீட்டு டேங்க் கழுவ வர்றவரு" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காது இரண்டும் பற்றி எரிந்தது.

தியோ எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். மூடியை எப்படி நெம்புவது, குழாய் எத்தனை எடை என்று கையால் காட்டிச் சொன்னான். இருபத்திரண்டு வருஷத்தில் தன் வேலையைப் பற்றி அவன் இடைஞ்சலில்லாமல் பேசியது அன்றுதான். பதினான்கு பேரும் குறித்துக்கொண்டார்கள். கான்ச்சிங்கூட, "எவ்வளவு அழகாச் சொல்றாரு!" என்று முணுமுணுத்தாள்.

அப்போது கோப்பின் தாள்களைப் புரட்டிய மிலாக்ரோஸ் வீலென்று கூவினாள். "அட்டர்னி! இந்த ஆளும் ராஃபேலும் ஒரே முகம்!"

நாலு போட்டோவும் கைமாறின. என்ஜினியர் பாசியா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மச்சம் உட்பட எல்லாம் பொருந்துவதாக அறிவித்தார். அட்டர்னி இலகனின் முகம் சிவந்தது.

"டேங்க் கழுவுற ஆளு, அரசாங்கக் கோப்புல கட்டடக் கலைஞரா உக்காந்திருக்கான்! பட்டம் இல்லாதவன் பட்டம் போட்டுக்கிட்டா ஆறு மாசம் ஜெயில், தெரியுமா? இந்த போட்டோ எப்படி இங்க வந்துச்சு? சொல்லுங்க மேடம்!"

சொல்வது சுலபம். 'இவர் என் புருஷன். போட்டோ என் பையில் இருந்தது, நான்தான் ஒட்டினேன்.' அவ்வளவுதான். எர்லிந்தா எழுந்து நின்றாள். கான்ச்சிங் அவளையே பார்த்தாள். தியோவும் அவளைப் பார்த்தான். அவன் அவசரப்படுத்தவில்லை, மூடியைத் திறந்துவிட்டு நிற்பது போலத்தான் நின்றான். அவள் வாயைத் திறந்தாள்.  கட்டாத அணைக்கட்டு தொண்டையில் நின்றது.

"ஐயா," என்றான் தியோ, "மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது. நான் வேலைக்குப் போன இடத்துல போட்டோவ எங்கயோ தவற விட்டுட்டேன். அவங்க வீட்டு வாசல்ல விழுந்திருக்கும். மேடம், மன்னிச்சுக்கங்க."

எர்லிந்தா உட்கார்ந்துவிட்டாள். அந்த 'மேடம்' அவளை உட்காரவைத்தது. 

ஆணையம் பெருந்தன்மையோடு மன்னித்தது. ஆனால் கோப்பு சுத்தமாக வேண்டுமே. மிலாக்ரோஸ் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தட்டச்சு செய்தாள். அதில் 'எழுத்தாளருக்கும் ஆதாரத் தொழிலாளிக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று அடித்து, இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"எந்த இடத்துல மேடம்?" என்று தியோ அவளைக் கேட்டான். அவள் விரலால் காட்டினாள். போட்டான். அட்டர்னி இலகன் இரவல் கொடுத்த பேனாவை அவன் திருப்பிக் கையில் கொடுக்காமல் மேசை விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். தலைவர் கைக்குட்டையால் பேனாவை எடுத்து, காவலாளியிடம், "நீயே வச்சுக்கோப்பா" என்றார். அதே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதில்மேல் மோதிரம் வைக்கும் பகுதியை உரக்கப் படித்தார். பிறகு எர்லிந்தாவும் கையெழுத்துப் போட்டாள். நோட்டரி முத்திரை விழுந்தது. விவாகரத்துச் சட்டமே இல்லாத நாட்டில், கோர்ட்டும் இல்லாமல் வக்கீலும் இல்லாமல், இருபத்திரண்டு வருஷக் கல்யாணம் நாலு பிரதியில் முடிந்தது.

சான்றிதழைக் கையில் பிடித்தபடி அவளை நடுவில் நிறுத்திப் படமெடுத்தார்கள். "உங்க என்ஜினியருக்கு அனுப்பு, சந்தோஷப்படுவாரு" என்றாள் கான்ச்சிங். எர்லிந்தா கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தியோ நாலு மாடியையும் தனியாக இறங்கிப் போயிருந்தான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. மதியத்துக்கு மேல் அவன் லாரியில் ஒரு வேலைக்குப் போய்வந்திருந்தான். பின்பக்கம் இரண்டாவது குளியல் முடித்துவிட்டு, சோற்றையும் கருவாட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தான்.

"பாஸாயிடுச்சா?"

"ஆயிடுச்சு." அவள் நின்றுகொண்டே இருந்தாள். "தியோ, நான் சொல்லியிருக்கணும். எழுந்து நின்னேன், வார்த்தை வரலை. எனக்கு வெக்கமா இருக்கு. உன்னால இல்ல, என்னை நினைச்சுத்தான்."

"விடு. உக்காந்து சாப்பிடு."

"எதுக்கு என்னைப் போய் மேடம்னு கூப்பிட்ட?"

அவன் கருவாட்டைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான். கோபம் இருக்கிறதா என்று அவன் முகத்தில் தேடினாள். இல்லை. வேலையை விளக்கும்போது எப்படி இருப்பானோ அப்படித்தான் இருந்தான்.

"வேலைக்குப் போற எல்லா வீட்லயும் அப்படித்தான் லிந்தா கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டா, அவங்க என் மூஞ்சியப் பார்க்காம பேசிட்டுப் போயிடலாம். அவங்களுக்கும் கஷ்டம் இல்ல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ ஆரம்பிப்பதற்கு முன்னால், என்ன அருமையான வரி, எவ்வளவு மெய்யாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. அவள் கை தானாகவே பைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது. தியோ அதைப் பார்த்துவிட்டான். பேச்சை நிறுத்தி, அவள் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.